வெள்ளைக்காரிக்கு அக்காவின் கண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிறவன், வாராவாரம் இந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். போன வாரம் லாரி ஓட்டிய கதையை எழுதினேன். கோவிலில் பார்த்த ஒருவர் "பரவாயில்ல, படிக்க முடிஞ்சது" என்றார். அந்த ஒரு பேச்சை நம்பி இந்த வாரம் ஓவியத்தைப் பற்றி எழுதத் துணிந்துவிட்டேன். ஓவியம் முறையாகக் கற்றவர்கள் யாராவது படித்தால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலையில் துண்டு

மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்து அக்கா உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. கன்னத்தின் இரண்டு பக்கமும் அது மடிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. எதிரே நான், ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் பழைய துணி.

"ஆடாதக்கா."

"நான் எங்கடா ஆடறேன்? கொசு கடிக்குது. அடிக்கக்கூட விட மாட்டேங்கற."

"கண்ண மட்டும் அசைக்காத."

"மூச்சு விடலாமா, அதையும் நிறுத்திக்கவா?"

குப்பை போட வந்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தலையில் என்ன அடிபட்டதா என்று மலாயில் கேட்டார். அக்கா முகத்தைத் திருப்பாமல், "முடிக்குச் சாயம் போட்டிருக்கேன்" என்று மலாயிலேயே பதில் சொன்னார். ஆன்ட்டி என் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

டர்பன்டைன் வாசனையும் ஈரமான சிமெண்டு வாசனையும் கலந்து வந்தது. அது எனக்குப் பிடித்த வாசனை. இப்போதும் மழை பெய்து விட்டால் அந்த நாற்காலியும் துண்டும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அக்கா அங்கே எப்படி வந்து உட்கார்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டயர் கடை மாடி

முதுகு வலியால் லாரியை விட்டதை முன்பே எழுதியிருக்கிறேன். கோலா கெத்தில் பக்கம் உள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் எடை போடும் இடத்தில் எனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். சுங்கை பட்டாணியில் வீடு. மாலை நாலரைக்கெல்லாம் வந்துவிடுவேன். வந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பது வருடம் இருட்டின பிறகே வீடு திரும்பியவனுக்கு மாலை வெயிலில் வீடு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

என் மனைவி ஜெயா ஒரு நாள் துணி துவைக்கும் கடையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் வர்ண ஓவிய வகுப்பு, சனிக்கிழமை மதியம், டயர் கடை மாடியில்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"தினம் உக்காந்து செவுத்தப் பாக்கறீங்க. அங்க போய் வேற எதையாவது பாருங்க."

வகுப்பு நடத்தியது அய்டா என்ற மலாய்ப் பெண். எங்கள் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். மலாயில் ஆசிரியரை அழைப்பதுபோல் எல்லாரும் அவரைச் சிகு என்போம். அவர் என்னை, பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, பாக்சிக் என்று கூப்பிடுவார். கீழே டயரில் காற்று அடிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடருவார்.

அவர் முறை வேறு மாதிரி. பூ, பழம், மலை என்றெல்லாம் எங்களை அலைய விடவில்லை. பதினொரு பேருக்கும் ஒரே படம்தான். ஐரோப்பாவில் சில நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் வரைந்த வயதான பெண்மணியின் முகம். தலையில் வெள்ளைத் துணி, பின்னால் இருட்டு, இடது பக்கத்திலிருந்து வெளிச்சம். வரைந்தவர் பெயரைச் சிகு சொன்னார். என் வாயில் அது சரியாக வரவில்லை, தப்பாக எழுதி அவரை அவமதிக்க விரும்பவில்லை. அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை ஆளுக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும். ஒரு வருடத்துக்கு அதுதான் பாடம்.

"சொந்தமாக எதுவும் யோசிக்காதீர்கள்" என்றார் சிகு. "யோசித்து வரைந்த ஒருவர் முன்னால் போயிருக்கிறார். அவர் பின்னால் போங்கள்."

இது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. தெரியாத தோட்டத்துப் பாதையில் பனி இறங்கினால், முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவோம். அவன் பிரேக் போட்டால் நாமும் போட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

முதலில் கேன்வாஸ் முழுக்கக் காப்பி நிறத்தைப் பூசினோம். ஈரமாக இருக்கும்போதே, வெளிச்சம் வர வேண்டிய இடங்களில் துணியால் துடைத்தெடுத்தோம். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, ஒரு கன்னம் வந்தது. எதையும் வரையாமல், வெறுமனே துடைத்து ஒரு முகம் வருவதை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஜெயாவிடம் சொன்னேன். "துடைக்கறதுல இவ்ளோ சந்தோஷம்னா சமையல்கட்டும் இருக்கு" என்றாள்.

பிறகு அச்சுப் படத்தையும் கேன்வாஸையும் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையச் சொன்னார் சிகு. நேராக வைத்தால் முகம் என்று நினைத்து மனத்தில் இருக்கிற முகத்தைப் போட்டுவிடுவோமாம். தலைகீழாக வைத்தால் கண்ணில் படுவதைத்தான் போடுவோம். ஒரு மாதம் அந்தப் பெண்மணி எங்கள் வரவேற்பறையில் தலைகீழாகத் தொங்கினார். வந்தவர்களெல்லாம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

எண்ணெய் வர்ணம் காய நாளாகும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் இன்னும் நாளாகும். ஒரு தடவை அந்தம்மாவின் கன்னத்தில் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. இடுக்கியால் எடுத்துப் பார்த்தேன், ஒரு கால் வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மச்சம் மாதிரி இருப்பதால் விட்டுவிட்டேன்.

அப்பாவுக்குப் போட்ட கோட்டு

லூர்து அக்கா எங்களோடுதான் இருக்கிறார். மாமா காலமான பிறகு வந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். வீட்டில் எனக்கும் சேர்த்துப் பேசுகிறவர் அவர்தான். அதனால் நான் பேசாமல் இருப்பது யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை.

ஆனால் படம் வரைகிற விஷயத்தில் அவருக்கு ஒரு பயம் இருந்தது. எங்கள் குடும்பங்களில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டுகிற முகம் என்றால், அது இல்லாதவர்களின் முகம்தான். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கல்யாணப் படம் உண்டு, கோவிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்று எடுத்த புதுநன்மைப் படம் உண்டு. அவை கூட்டத்தோடு எடுத்தவை. தனி முகம், தோள்வரைக்கும், பெரிதாக என்றால் அதன் கீழே ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு படம் இருக்கிறது. அவர் தவறியபோது வீட்டில் தனிப் படமே இல்லை. அடையாள அட்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அவர்கள் பெரிதாக்கிக் கொடுத்த படத்தில் அப்பா கோட்டும் டையும் போட்டிருந்தார். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கோட்டை அவர் தொட்டுப் பார்த்திருக்கக்கூட மாட்டார். எல்லாரும் அழுதுகொண்டிருந்த நேரம். அக்கா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "செத்ததுக்கப்புறம் அப்பாவுக்கு ஆபீஸ் கிராணி வேலை குடுத்துட்டாங்க" என்றார். அழுதவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வரவேற்பறையில்தான் இருக்கிறது. எனக்கு அந்தக் கோட்டு இப்போது பழகிவிட்டது.

அதனால் நான் கண்ணுக்கு ஆள் தேடி அக்காவிடம் போய் நின்றபோது, அவர் முதலில் அப்பா படத்தைத்தான் காட்டினார்.

"என்னயும் அவரு பக்கத்துல மாட்டணுமா உனக்கு?"

கண் மட்டும்

கண்ணுக்கு ஏன் ஆள் தேவைப்பட்டது என்றால், அச்சுப் படத்தில் கண் சரியாக இல்லை. எத்தனையோ தடவை நகல் எடுத்த படம் போலிருக்கிறது. துணியின் நிழல் விழுந்த இடத்தில் இரண்டு கண்ணும் கருப்பாகக் கலங்கிக் கிடந்தன. மூக்குவரை அந்த ஓவியரின் பின்னாலேயே போனேன். கண்ணுக்கு வந்ததும் முன்னால் போன லாரியின் விளக்கு அணைந்துவிட்டது.

சிகுவிடம் கேட்டேன். "ஒருவரை இதே மாதிரி உட்கார வைத்துப் பாருங்கள். தலையில் துணி போட்டு, அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருக்காது. கருப்பு மட்டும்தான் உண்மையிலேயே கருப்பு. அதில் ஒரு ஒளிப் புள்ளி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜெயாவுக்கு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. மிச்சம் இருந்தது அக்கா.

இரண்டு நாள் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றால், அக்கா இருக்கிற இடத்தில் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவரே சொன்னார்.

"கண்ணு மட்டும்தான்டா. மூக்கு, வாய், காது எல்லாம் அந்த வெள்ளக்காரியோடது. என் மூக்கு அதுல வந்துச்சுன்னு வையி, உன் பிரஷ எடுத்து அடுப்புல போட்டுருவேன்."

"வராதுக்கா."

"கண்ணு ரெண்டு மட்டும்னா அது நான் இல்ல. சரி லா, எங்க உக்காரணும்?"

அப்படித்தான் துண்டு வந்தது.

அன்று இடது கண்ணை முதலில் போட்டேன். வெள்ளையில் கொஞ்சம் காப்பி நிறம், கொஞ்சம் நீலம். சிகு சொன்னது சரிதான், கண்ணின் வெள்ளை வெள்ளையே இல்லை. நடுவில் கருப்பு. கருப்பின் ஓரத்தில் ஊசி முனை அளவு வெள்ளை. அந்தப் புள்ளியை வைத்த உடனே கேன்வாஸில் ஒருவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். பயத்தினால் இல்லை.

பிறகு வலது கண். எனக்கு இடது கைப் பக்கம், வெளிச்சம் நேராக விழுகிற பக்கம் அது. அதைத்தான் சுலபமாக முடிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

கருப்பை வைத்தேன். அக்காவைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். தப்பாக இருந்தது. துடைத்துவிட்டு, கருப்பில் கொஞ்சம் வெள்ளை கலந்து வைத்தேன். அதுவும் போதவில்லை. இன்னும் கொஞ்சம் கலந்தேன், சாம்பல் நிறம் ஆகிவிட்டது. அப்போது சரியாக இருந்தது.

கண்ணின் நடுவில் யாருக்காவது சாம்பல் நிறம் இருக்குமா? வானம் அதில் தெரிகிறது என்று நினைத்தேன். நாற்காலியை வாசல் கதவைப் பார்த்துத் திருப்பி உட்காரச் சொன்னேன்.

"இப்ப எதுக்குடா? கழுத்து புடிச்சிக்கிச்சு."

"கொஞ்ச நேரம்க்கா."

ஒளிப் புள்ளி நகர்ந்தது. இடது ஓரத்திலிருந்து மேலே போனது. எதிரே இருக்கிற வெளிச்சம்தான் புள்ளி. நாற்காலி திரும்பினால் அதுவும் திரும்பும். சாம்பல் நிறம் நகரவில்லை. எப்படி உட்கார்ந்தாலும் அது கண்ணின் நடுவிலேயே இருந்தது. தண்ணீர் ஊற்றிய பாலை ஒரு சொட்டு உள்ளே விட்ட மாதிரி.

பிரஷைக் கீழே வைத்தேன்.

"க்கா, வலது கண்ணுல என்னமோ இருக்கு."

"தூசியா?"

"இல்ல. உள்ள. புகை மாதிரி."

அக்கா துண்டை அவிழ்த்தார். மடித்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்துக்கா?" என்றேன்.

"நீ படம் வரையறியா, வைத்தியம் பாக்கறியா?"

"தெரியலக்கா, பாத்தேன், அதான்."

"கண்ணு மட்டும்னு சொன்ன. உக்காந்தேன். இப்ப கண்ணுக்குள்ளயே போறியா நீ?"

எழுந்து உள்ளே போய்விட்டார். போகும்போது கதவின் நிலையில் வலது தோள் இடித்தது. அவர் அடிக்கடி அங்கே இடித்துக்கொள்வார். கதவு சின்னது என்று திட்டுவார். நாங்களும் கதவு சின்னது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பின் வரிசை

அன்று மாலை முழுக்க அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

எங்கள் கோவிலில் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் படிக்கிறவர் அக்காதான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஏறத்தாழ ஒரு வருடமாகப் படிப்பதில்லை. "சின்னப் பிள்ளைங்க படிக்கட்டும் லா, எனக்கு என்ன அதுல பட்டா போட்டுக் குடுத்தாங்களா?" என்று சொல்லிவிட்டுப் பின் வரிசைக்குப் போய்விட்டார். அவருக்குப் பெரிய மனசு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன்.

நெத்திலி வாங்கத் தஞ்சோங் டாவாய்க்குப் போனபோது, படகுத் துறையின் பலகையில் கால் வைக்காமல் கரையிலேயே நின்றுகொண்டார். நாற்றம் தாங்கவில்லை என்றார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத ஆள் அவர்.

தேநீர் ஊற்றும்போது கோப்பையின் உள்ளே ஒரு விரலை விட்டுக்கொள்வார். ஜெயா அதைச் சுத்தமில்லை என்று என்னிடம் குறைப்பட்டிருக்கிறாள்.

மூன்று பேர் இருக்கிற வீடு. தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அந்தக் கண்ணை நான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் அது பெரிய வேலை. எல்லாம் ஜெயா வழியாகத்தான்.

"ஜெயா, உன் புருஷன்கிட்ட சொல்லு, சோறு ஆறுது."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

"அண்ணி கூப்பிடறாங்க" என்பாள் ஜெயா.

"கேட்டுச்சு."

"கேட்டுச்சாம் அண்ணி."

சில நாள் கழித்து, இருவரும் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தபோது, அக்கா ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஜெயா அதை என்னிடம் சொன்னாள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம். இடது கண்ணும் இப்போது மங்க ஆரம்பித்திருக்கிறதாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாமேன்னு சொன்னேன். அதுக்கு அழுதுட்டாங்க" என்றாள் ஜெயா. "ஆளு முழிச்சிருக்கறப்பவே கத்தி வைப்பாங்களாம். அந்தக் கத்தி வர்றத அந்தக் கண்ணாலயே பாக்கணுமாம். யாரோ சொல்லியிருக்காங்க."

"கண்ணே தெரியல, அப்புறம் கத்தி எப்படித் தெரியும்?"

"அத நீங்க போய்ச் சொல்லுங்க, பாப்போம்."

நான் போகவில்லை. அக்கா அழுது நான் பார்த்ததில்லை. எதற்கும் பயப்படாத ஆள் என்று வைத்திருந்தேன். அவருக்குப் பயம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று யோசித்ததே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அதையெல்லாம் சொல்லுகிறவரே அக்காதான்.

படத்தின் வலது கண் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. மாணவர்கள் வரைந்த படங்களை மாடியில் மாட்டப் போவதாகவும் வீட்டில் எல்லாரையும் அழைத்துவர வேண்டும் என்றும் சிகு சொல்லியிருந்தார். அக்கா அதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஜெயாவிடம் கேட்டேன்.

"கருப்ப வச்சு மூடிடுங்க" என்றாள் ஜெயா.

மூடினேன். அழகாகத்தான் இருந்தது, கடையில் விற்கும் பொம்மை மாதிரி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வர்ணத்தில் ஒரு நல்ல விஷயம், காயும்வரை மனம் மாறலாம். துணியை எடுத்து அந்தக் கருப்பைத் துடைத்துவிட்டேன். அடியில் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது.

பதினொரு பேர்

படங்களை மாட்டிய அந்தச் சனிக்கிழமை அக்கா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"பலகாரம் குடுப்பாங்களான்னு கேளு" என்றார் ஜெயாவிடம்.

"குடுப்பாங்க" என்றேன் நான்.

"குடுப்பாங்களாம் அண்ணி."

"அப்ப வரேன்."

மாடி அறையில் இரண்டு சுவரிலும் படங்களை மாட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஐந்து. பதினொரு வெள்ளைக்கார அம்மாக்கள், எல்லாருக்கும் தலையில் துணி. ஆனால் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. ஒருவர் கோபமாக இருந்தார். ஒருவர் வங்கி மேனேஜர் மாதிரி இருந்தார். பழைய மெக்கானிக் ஒருவர் வரைந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணும் மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டதால், ஏதோ ரகசியம் தெரிந்தவர் மாதிரி இருந்தார். அவர் பேரப்பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா சுவரை ஒட்டி நடந்தார். விரல் நுனி சுவரிலேயே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் மூக்கு படுகிற அளவு கிட்டே போய், முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் போய்க் கீழே டயர்களை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

ஐந்தாவது படம் என்னுடையது. பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. அக்கா அங்கே நின்றார். நகரவில்லை.

சிகு பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். யார் என்று அவருக்குத் தெரியாது. "இது சவரிமுத்து பாக்சிக் வரைந்தது" என்றார் மலாயில். "இந்தப் பதினொன்றில் உயிருள்ள ஒருவரைப் பார்த்து வரைந்த கண் இது மட்டும்தான். ஒரு கண்ணில் மேகம் மாதிரி போட்டிருக்கிறார், பாருங்கள். அச்சுப் படத்தில் அது இல்லை. ஏன் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை."

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்று அக்காவும் மலாயிலேயே சொன்னார். "வாயத் தொறக்க மாட்டான்."

சிகு சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அந்தக் கண்ணைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "மூக்கு அவளோடதுதான். நல்ல வேள" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஜெயா பலகாரத் தட்டின் அருகே இருந்தாள்.

அறையின் நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. அக்கா அதில் போய் உட்கார்ந்தார். ஆறு படம் இருக்கிற சுவர் எதிரே இருந்தது. இடது உள்ளங்கையை எடுத்து இடது கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"முத்து."

பல நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இந்தச் செவுத்துல எத்தன படம்டா இருக்கு?"

"ஆறுக்கா."

"எனக்கு ஒன்னுகூட இல்ல."

கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் வந்தது.  அக்கா கையை எடுக்கவில்லை.

"செவுரே இல்ல. வெள்ளத் துணிய மூஞ்சிக்கு முன்னால காயப் போட்ட மாதிரி இருக்கு. இந்தக் கண்ணும் அப்படி ஆயிட்டா, உன் மூஞ்சியும் இருக்காது இல்ல?"

 இருக்காது என்று சொல்ல முடியாது, இருக்கும் என்றும் சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான், நான் அவருடைய வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், அவருக்கு அது தெரியாது என்று தோன்றியது. எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அக்கா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முழிச்சிருக்கறப்பவே பண்ணுவாங்களாமே."

"ஆமாக்கா. வலிக்காதாம். மருந்து விடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"ஆலைல ரெண்டு பேருகிட்டக் கேட்டேன். பண்ணிக்கிட்டவங்க. ஒருத்தரு விளக்கு மட்டும்தான் தெரிஞ்சுதுன்னாரு. கத்தியெல்லாம் தெரியலயாம்."

"நீ போய்க் கேட்டியா? ரெண்டு பேருகிட்ட?"

"ம்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உள்ள விடுவாங்களா உன்ன?"

"தெரியல. கதவுகிட்ட நிப்பேன்."

"கதவுகிட்ட நின்னு என்னடா பண்ணுவ? பேசக்கூட மாட்ட."

"நிப்பேன்க்கா."

அக்கா முந்தானையால் இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு வழக்கமான குரலில், அந்த அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, "ஜெயா, அந்தத் தட்ட அங்கேயே வச்சு நீயே தின்னு தீத்துறாத, இங்க கொண்டா" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாநிலத்தில் அது வேலை நாள்தான். காலைப் பூசைக்குப் போகாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். கூட்டம் அதிகம். டாக்டர் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, புரை என்றார், பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் மீன் வாங்கினோம். மதியம் அக்கா தூங்கினார்.